பேசினில் வந்த வெளிச்சம்: ஒரு நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். மூதூரில் உயர்தரம் உயிரியல் படிக்கும் தங்கச்சி ஒருவர் அனுப்பியிருக்கிறார்: "சேர், ஒசாமு ஷிமோமுராவுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது பச்சை ஒளிர் புரதத்துக்காக. அப்படியென்றால் அதைத் தேடித்தானா அவர் ஜெலிமீன் பிடிக்கப் போனார்?" இரண்டு நாளாக இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். அவ்வளவு பிடித்துப்போயிற்று.

இல்லை தங்கச்சி. அந்தப் புரதம் இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. இந்த உயிர் எப்படி ஒளிர்கிறது? யப்பானிய விஞ்ஞானியான ஷிமோமுரா கேட்டது அது ஒன்றைத்தான்.

சின்ன வயதில் மாமாவோடு உப்புவெளியிலிருந்து இரவில் வள்ளத்தில் போவேன். நிலவில்லாத நாட்களில் துடுப்பு விழுகிற இடமெல்லாம் நீலமாக மினுங்கும். "ஏன் மாமா?" என்றால், "கடல் அப்பிடித்தான்டா" என்பார். அது ஜெலிமீன் வெளிச்சம் இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒருகல உயிரிகளின் வெளிச்சம். ஆனால் கேள்வி ஒன்றுதான்: எப்படி?

ஷிமோமுரா ஆசைப்பட்டு இந்தத் துறைக்கு வந்தவரும் இல்லை. நாகசாகியில் குண்டு விழுந்தபோது அவருக்கு 16 வயது. அழிந்துபோன மருந்தியல் கல்லூரி தற்காலிகமாக அவர் வீட்டுப் பக்கம் இடம்பெயர்ந்து வந்தது. அதனால் அதில் சேர்ந்தார். இடம்பெயர்ந்த பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் நம் மாவட்டத்திலும் நிறையப் பேர், அதனால்தான் இதை எப்போதும் சொல்கிறேன். பிறகு நகோயாவில், கடல் மின்மினி என்று யப்பானியர் சொல்லும் சின்ன உயிரியில் ஒளி தரும் பொருளான லூசிஃபெரினை 1956இல் படிகமாக்கினார். அதைப் பார்த்துத்தான் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஃபிராங்க் ஜான்சன் அவரை அழைத்தார்.

1961 கோடையில் இருவரும் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஃபிரைடே ஹார்பருக்குப் போனார்கள். மின்மினி பற்றிப் பேசிய அன்று சொன்னேனே, லூசிஃபெரினும் அதை ஒளிர வைக்கும் நொதியமான லூசிஃபெரேசும் சேர்ந்தால் ஒளி என்று. ஜெலிமீனிலும் அதுதான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். தேடினார்கள், கிடைக்கவில்லை. ஜான்சன் அதே வழியில் தொடர்ந்தார்.

நீங்கள் என்னிடம் உண்மையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது: வழி அடைபட்டபோது ஷிமோமுரா என்ன செய்தார்? தனியாக ஒரு படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய், அதில் படுத்தபடி யோசித்தார். பல நாள். ஆய்வுகூடத்தில் இருப்பவர்களுக்கு அது சோம்பலாகத் தெரிந்திருக்கலாம். எனக்கு அந்தக் கோடையின் மிகப் பெரிய வேலையே அதுதான். லூசிஃபெரின் இருக்கிறதா இல்லையா என்பதை விட்டுவிட்டார். ஒளிர்வது எதுவானாலும் அதில் ஒரு புரதத்துக்குப் பங்கிருக்கும். அமிலத்தன்மையைக் கூட்டினால் புரதம் வேலையை நிறுத்தும். பிறகு நடுநிலையாக்கினால் திரும்ப ஒளிரும். இவ்வளவுதான் யோசனை.

கரைக்கு வந்து செய்து பார்த்தார். ஜெலிமீன் சாற்றின் அமிலத்தன்மையைக் கூட்டி பிஎச் 4 ஆக்கியதும் ஒளி நின்றது. சோடியம் பைகாபனேற்றுப் போட்டதும் திரும்ப வந்தது. சரி என்று மிச்சக் கரைசலைப் பேசினில் ஊற்றினார். பேசின் முழுக்கப் பளீரென்று நீல ஒளி! மீன்தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீர் அந்தப் பேசினுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 400 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. ஒளியை ஏற்றிவிட்டது அந்தக் கல்சியம்தான். இதைத் தற்செயல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படகில் அத்தனை நாள் யோசிக்காதவர் பேசினில் வெளிச்சத்தைக் கண்டாலும் விளங்கிக்கொண்டிருக்க மாட்டார்.

அப்புறம் சுமார் 10,000 ஜெலிமீன் பிடித்து, ஓரத்து வளையத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சுத்திகரித்தார்கள். கிடைத்தது சில மில்லிகிராம் புரதம். அதற்கு ஏக்குவோரின் என்று பெயர் வைத்தார்கள். பிந்திய ஆண்டுகளில் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் வலையோடு இறங்கினார்கள். மொத்தக் கணக்கு எட்டரை இலட்சம் ஜெலிமீன். எப்படி ஒளிர்கிறது என்ற அதே ஒரு கேள்விக்காக.

சரி, பச்சை எங்கே? ஏக்குவோரின் தருவது நீல ஒளி. உயிரோடிருக்கும் ஜெலிமீனோ பச்சையாக ஒளிர்கிறது. சுத்திகரிக்கும்போது கூடவே வந்த இன்னொரு புரதம் நீலத்தின் சக்தியை வாங்கிப் பச்சையாக வெளியிடுகிறது. 1962ஆம் ஆண்டுக் கட்டுரையில் அது ஓர் ஓரக் குறிப்பு. நோபல் வந்தது அந்த ஓரக் குறிப்புக்கு. அதுதான் நீங்கள் கேட்ட பச்சை ஒளிர் புரதம். அதன் மரபணுவை டக்ளஸ் பிராஷர் 1992இல் பிரித்தெடுத்தார். 1994இல் மார்ட்டின் சால்ஃபி அதை ஒரு புழுவுக்குள் வைத்தபோது, உயிருள்ள புழுவின் நரம்புக் கலங்கள் பச்சையாகத் தெரிந்தன. ஏக்குவோரினுக்குக் கல்சியம் வேண்டும். இதற்கு ஜெலிமீனிலிருந்து வேறு எந்தப் பொருளும் வேண்டாம்; ஒக்சிசன் இருந்து நீல ஒளி பட்டால் போதும், கிட்டத்தட்ட எந்தக் கலத்திலும் ஒளிரும்.

அந்தப் புழுவைப் பற்றிக் கிண்ணியாத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அது அடுத்த வாரம்.