ஐந்து பேர் உட்கார ஓர் அறை

நேயர்களுக்கு வணக்கம்.

கவுன்ட்டர் ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடியவர்களுக்கு கீபோர்டில் இசட், எக்ஸ், சி என்ற மூன்று பட்டன்கள் மறக்காது. தட்டினால் திரையோரத்தில் ஒரு சின்னப் பட்டியல் வரும். அதில் ஓர் எண்ணை அழுத்தினால் நம் வீரன் கரகரத்த வயர்லெஸ் குரலில் ‘கோ கோ கோ’ என்பான். நம் அணியில் இருக்கும் மற்ற நான்கு பேருக்கு மட்டும் அது கேட்கும். விளையாட்டுக்குள் அதற்குப் பெயரே ரேடியோதான். அதனால் இந்த விளையாட்டின் போட்டி வரலாற்றை வானொலியில் சொல்வது எனக்கு ரொம்பப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் இணையத்தில் வீடியோ நேரலை என்பது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். யூடியூப் 2005-இல்தான் வந்தது. அப்போது கவுன்ட்டர் ஸ்ட்ரைக் போட்டிகளை உலகம் காதால் கேட்டது. வின்ஆம்ப் பாட்டு மென்பொருளோடு ஷவுட்காஸ்ட் என்று ஒரு வசதி இருந்தது. வீட்டிலிருந்தபடியே இணைய வானொலி நடத்தலாம். மைக் முன்னால் ஒருவர் உட்கார்ந்து, ‘நான்கு பேர் உள்ளே வருகிறார்கள், பாம் வைத்தாயிற்று, ஒரே ஒருத்தர்தான் மிச்சம்’ என்று மூச்சு வாங்கச் சொல்வார். வேறு வேறு நாட்டில் உள்ளவர்கள் ஸ்பீக்கரை ஒட்டி உட்கார்ந்து கேட்பார்கள். சேப்பாக்கம் டெஸ்ட் மேட்ச்சைத் தமிழ் வர்ணனையில் டிரான்சிஸ்டரில் கேட்டவர்களுக்கு அந்தப் படபடப்பு புரியும். இன்றைக்கும் இந்தத் துறையில் வர்ணனையாளரை ‘ஷவுட்காஸ்டர்’, சுருக்கி ‘கேஸ்டர்’ என்று சொல்வது அந்த மென்பொருளின் பெயரிலிருந்து வந்ததுதான்.

நான் இதை ஆடியது பாளையங்கோட்டையில், கல்லூரிக் காலத்தில். ஒரு பிரௌசிங் சென்டரில் பத்து கம்ப்யூட்டர். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து, நடுவில் பிளைவுட் தடுப்பு. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் லான் கேபிளில் ஆட்டம் ஓடியதால் இன்டர்நெட்டே தேவையில்லை. கத்திப் பேசினால் எதிரணிக்குக் கேட்டுவிடும் என்று டஸ்ட் 2 என்ற ஆட்டக்களத்தின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு ரகசியப் பெயர் வைத்திருந்தோம். இரண்டு நாளில் எதிரணிக்கும் அது தெரிந்துவிடும். மறுபடி பெயரை மாற்றுவோம். உலகக் கோப்பைக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் பிறகு இந்த ஆட்டத்தின் வரலாற்றைத் தேடித்தேடிப் படித்தபோது, அதில் ஜெயித்தவர்கள் எல்லோரும் இப்படி ஓர் அறையிலிருந்துதான் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கை எந்தப் பெரிய நிறுவனமும் திட்டம் போட்டு உருவாக்கவில்லை. வால்வ் நிறுவனம் 1998-இல் ஹாஃப் லைஃப் என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதைப் பிரித்து மேய்ந்து, தங்கள் விருப்பத்துக்கு மாற்றி எழுதினார்கள் இரண்டு இளைஞர்கள். ஒருவர் கனடாவில் படித்துக்கொண்டிருந்த, வியட்நாம் வம்சாவளியைச் சேர்ந்த மின் லீ. இன்னொருவர் அமெரிக்காவின் ஜெஸ் கிளிஃப். 1999 ஜூனில் முதல் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, இலவசமாக வந்தது. கொஞ்ச நாளில் கூட்டம் பெருகி, வால்வே இருவரையும் சேர்த்துக்கொண்டு 2000 நவம்பரில் கடைக்குக் கொண்டுவந்தது.

ஆட்டம் எளிது. ஐந்து பேர் பாம் வைக்க வேண்டும், எதிரில் ஐந்து பேர் தடுக்க வேண்டும். செத்தால் அந்த ரவுண்ட் முடியும்வரை பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான், உடனே உயிர்த்தெழ முடியாது. அந்தக் காலப் போட்டி விதிப்படி ஒரு ரவுண்ட் ஒன்றே முக்கால் நிமிடம். பாம் வைத்தால் 35 நொடியில் வெடிக்கும். அதைச் செயலிழக்கச் செய்ய 10 நொடி, விளையாட்டுக்குள் கிடைக்கும் பணத்தில் 200 டாலர் கொடுத்துக் கருவிப் பெட்டி வாங்கியிருந்தால் 5 நொடி. பதினைந்து ரவுண்ட் முடிந்ததும் இரு அணிகளும் பக்கம் மாறும். முதலில் 16 எடுப்பவர் வெற்றி.

இதன் உயிர்நாடி துப்பாக்கி சுடுவது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். என்னைக் கேட்டால் உயிர்நாடி காசு. அப்போது ஆளுக்கு 800 டாலரோடு ஆட்டம் தொடங்கும். ஏகே-47 விலை 2,500. எம்4 விலை 3,100. ஒரே குண்டில் ஆளைச் சாய்க்கும் ஏடபிள்யூபி 4,750. கவசமும் ஹெல்மெட்டும் சேர்த்து 1,000. ரவுண்டில் ஜெயித்தால் கை நிறையப் பணம், தோற்றால் குறைவு. செத்தவனின் துப்பாக்கி போனது போனதுதான். ஆகவே ஐந்து பேரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். இந்த ரவுண்டில் ஒன்றும் வாங்காமல், கைத்துப்பாக்கியோடு போய்த் தோற்றுவிட்டு, அடுத்த ரவுண்டுக்குக் காசு சேர்க்கலாமா? அதற்கு எக்கோ என்று பெயர். ஒருவன் மட்டும் ஆசைப்பட்டுத் துப்பாக்கி வாங்கினால் அடுத்த ரவுண்டில் அவனால் மொத்த அணியும் தடுமாறும். அதேபோல் காசு உள்ளவன் ஒரு ஏகே-வை வாங்கித் தரையில் போடுவான், காசில்லாதவன் எடுத்துக்கொள்வான். திருப்பிக் கொடுக்கும் பேச்சே கிடையாது. வீட்டில் பர்ஸ் ஒன்றாக இருக்கும் அண்ணன் தம்பிகள் மாதிரி ஐந்து பேர் இருந்தால்தான் இது நடக்கும். தனித்தனியாகக் குறிபார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரர்களான ஐந்து பேர், இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகாமல் தோற்றதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, போட்டிகளுக்கு வருவோம். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் சைபர்அத்லெட் புரொஃபஷனல் லீக், சுருக்கமாக சி.பி.எல்., 1997 முதல் இயங்கிவந்தது. ஆரம்பத்தில் அதன் நாயக ஆட்டம் குவேக், பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவர் மோதுவது. 2001 டிசம்பரில் சி.பி.எல். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்குக்கு மொத்தம் 1,50,000 டாலர் பரிசு அறிவித்தது. அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கும் தொகை. வென்றது ஸ்வீடனின் நிஞ்சாஸ் இன் பைஜாமாஸ். பைஜாமா போட்ட நிஞ்சாக்கள்! பெயரைக் கேட்டாலே விளையாட்டுக்காகச் சேர்ந்த பையன்கள் என்று தெரிகிறது. அந்த அணியின் எமில் கிறிஸ்டென்சனை ‘ஹீட்டன்’ என்ற பட்டப்பெயரில் உலகம் முழுக்க அறிந்தார்கள். பிறகு அவரும் கூட்டாளிகளும் எஸ்.கே. கேமிங் என்ற அணியின் சட்டையில் 2003-இல் சி.பி.எல்.லின் கோடை, குளிர்காலப் போட்டிகள் இரண்டையும் வென்றார்கள்.

ஏன் ஸ்வீடன்? அங்கே 1998 வாக்கில் ஊழியர்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வரிச் சலுகை கொடுத்தார்கள். அகலப்பாட்டை இணையமும் சீக்கிரமே பரவியது. அதற்கும் மேலே ட்ரீம்ஹாக். மாலுங் என்ற சிற்றூரில் சின்னதாகத் தொடங்கிய கூட்டம் அது. பிறகு யான்ஷோப்பிங் நகரத்துக் கண்காட்சி அரங்குக்கு மாறியது. 2007-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் ஒரே வலையமைப்பில் இணைந்தன. பையன்கள் கனமான பழைய மானிட்டரைச் சுமந்துகொண்டு வந்து, நாள்கணக்கில் ஆடி, மேசைக்கு அடியில் தூங்கி எழுவார்கள். எங்கள் பத்து கம்ப்யூட்டர் சென்டரை ஆயிரத்தால் பெருக்கிய மாதிரி இருந்திருக்கும்.

2003 செப்டம்பரில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கின் 1.6 பதிப்பு வந்தது. அதில் ஒரு கேடயம் சேர்த்திருந்தார்கள். முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தால் குண்டு துளைக்காது. போட்டி ஆடுபவர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஆட்டத்தைக் கெடுக்கிறது என்றார்கள். போட்டி நடத்தியவர்களும் அதற்குத் தடை போட்டார்கள். ஆட்டத்தை விற்கும் நிறுவனம் ஒரு பொருளைக் கொடுக்கிறது, ஆடுபவர்கள் ‘வேண்டாம்’ என்று ஒதுக்கி வைக்கிறார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த செய்தி இது. கிட்டிப்புள்ளுக்கும் கபடிக்கும் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளே விதி வகுத்த மாதிரி, இதற்கும் ஆடியவர்களே விதி வகுத்தார்கள்.

அப்புறம் பிரேசில். அங்கே வீட்டுக் கம்ப்யூட்டர் எல்லோருக்கும் எட்டுகிற விலையில் இல்லை. ‘லான் ஹவுஸ்’ என்ற கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன, நம் பிரௌசிங் சென்டர் மாதிரியே. அங்கே வளர்ந்த தலைமுறையிலிருந்து வந்தது மேட் இன் பிரேசில் அணி. 2006-இல் பாரிஸின் பெர்சி அரங்கில் நடந்த இ.எஸ்.டபிள்யூ.சி. என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு உலகக் கோப்பையை வென்றார்கள். அதுவரை ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் பெரும்பாலும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்ட மேடை அது. ஆசியாவிலும் சீனாவின் டபிள்யூ.என்.வி. அணி 2005-லும் 2006-லும் டபிள்யூ.இ.ஜி. என்ற போட்டியின் பட்டங்களைத் தட்டியிருந்தது. பிரேசிலின் வெற்றிக்கு ஒன்றரை ஆண்டு கழித்து, 2008 தொடக்கத்தில், அதே பிரேசிலில் நீதிமன்ற உத்தரவால் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் விற்பனைக்குத் தடை வந்தது. உலகக் கோப்பை கொண்டுவந்த ஆட்டத்தைக் கடையில் விற்கக் கூடாது என்றால் அந்தப் பையன்களுக்கு எப்படி இருந்திருக்கும்! 2009-இல் தடை நீங்கியது.

அமெரிக்காவின் கதை எனக்கு வருத்தம் தருவது. அங்கே இரண்டு பெரிய அணிகள். ஒன்று டீம் த்ரீ-டி, 2004, 2005 இரண்டு ஆண்டும் வேர்ல்டு சைபர் கேம்ஸ் என்ற உலகப் போட்டியை வென்றவர்கள். இன்னொன்று காம்ப்ளெக்சிட்டி. அதை நடத்தியவர் அட்லான்டாவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஜேசன் லேக். சொந்தக் காசைப் போட்டு அணியை நடத்தினார். 2005-இல் அவர் அணி இ.எஸ்.டபிள்யூ.சி. வென்றது. பிறகு 2007-இல் தொலைக்காட்சிப் பணத்தோடு சாம்பியன்ஷிப் கேமிங் சீரிஸ் என்ற போட்டித் தொடர் வந்தது. வீரர்களுக்கு மாதச் சம்பளம், ஒப்பந்தம், ஒளிவெள்ளம் எல்லாம் கிடைத்தன. ஆனால் தொடரை நடத்தியவர்கள் தேர்ந்தெடுத்தது 1.6 அல்ல, 2004-இல் வந்த, திரையில் இன்னும் அழகாகத் தெரியும் சோர்ஸ் பதிப்பு. இரண்டு அணியும் அந்தப் பக்கம் போயின. சம்பளம் வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2008 நவம்பரில் அந்தத் தொடரை மூடிவிட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சிலேயே சி.பி.எல். கடையைக் கட்டியிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் 1.6-இல் ஐரோப்பியர்கள் வெகுதூரம் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு 1.6 இருந்தவரை அமெரிக்காவுக்குப் பழைய இடம் கிடைக்கவேயில்லை.

இதற்கு நேர் எதிர், போலந்தின் ஐந்து பேர். ஃபிலிப் குப்ஸ்கி என்கிற நியோ, விக்டர் வொய்தாஸ் என்கிற டாஸ், இன்னும் மூவர். 2006-இல் இத்தாலியின் மொன்சாவில் பென்டகிராம் என்ற பெயரில் வேர்ல்டு சைபர் கேம்ஸ் தங்கம். 2007-இல் இ.எஸ்.டபிள்யூ.சி. பட்டமும் இன்டெல் எக்ஸ்ட்ரீம் மாஸ்டர்ஸ் பட்டமும். பிறகு நிறுவனம் மாறியது, பெயர் மாறியது. 2009-இல் சீனாவின் செங்டுவில் மறுபடி தங்கம் வென்றபோது அணியின் பெயர் ‘அகெய்ன்’, அதாவது ‘மறுபடியும்’. 2011-இல் தென்கொரியாவின் பூசானில் இன்னொரு பெயரில் மூன்றாவது தங்கம். சட்டையில் எழுதிய பெயர் எத்தனை முறை மாறினாலும் உள்ளே நியோவும் டாஸும் இருந்தார்கள். நியோ சுடுவதைப் பழைய பதிவுகளில் பாருங்கள். அவசரமே இருக்காது. மூன்று எதிரிகள் மிச்சம் இருக்கும்போதும், தெருமுனையில் யாருக்கோ காத்திருப்பவர் மாதிரி நிற்பார்.

2010 மட்டும் உக்ரைனுக்குச் சொந்தம். கீவ் நகரில் 2009 இறுதியில் தொடங்கிய நேட்டஸ் வின்சேர், அதாவது நாவி, ஒரே ஆண்டில் இன்டெல் எக்ஸ்ட்ரீம் மாஸ்டர்ஸ், இ.எஸ்.டபிள்யூ.சி., வேர்ல்டு சைபர் கேம்ஸ் மூன்றையும் வென்றது. அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை.

2012 மார்ச்சில் ஜெர்மனியின் ஹானோவரில் 1.6-க்கு வழியனுப்புவது போல ஒரு பெரிய போட்டி நடந்தது. வென்றவர்கள் அதே போலந்துக்காரர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் குளோபல் அஃபென்சிவ் என்ற புதுப் பதிப்பு வந்தது. பழைய ஆட்கள் பலர் ஆடுவதை நிறுத்தினார்கள். புதிய ஆட்டத்தில் இவர்களுக்கு இனி இடம் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

2014 மார்ச்சில் போலந்தின் காட்டோவிட்சே நகரில், ஸ்போடெக் அரங்கில் உலகப் போட்டி. பறக்கும் தட்டு மாதிரி இருக்கும் கட்டடம் அது. இறுதி ஆட்டத்தில் ஒரு பக்கம் நிஞ்சாஸ் இன் பைஜாமாஸ், 2001-இல் டல்லாஸில் வென்ற அதே பெயர். இன்னொரு பக்கம் வர்ட்டஸ் புரோ என்ற அணி, அதில் இரண்டு இளைஞர்களோடும் பாஷா என்ற வீரரோடும் நியோவும் டாஸும். சொந்த நாட்டு ரசிகர்கள் நிறைந்த அரங்கத்தில் 2-0 என்று வென்றார்கள். நான் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். முடிந்த ஐந்தாவது நிமிடம் துபாயிலிருந்து போன் வந்தது. பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் என்னோடு உட்கார்ந்த நான்கு பேரில் ஒருவன். வணக்கம்கூடச் சொல்லாமல், “டேய், நம்ம ஆளுங்க இன்னும் ஆடுறாங்கடா” என்றான்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி.