ஐப்பசியில் தொடங்கும் கோடை

(போடிநாயக்கனூரில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

கோடையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஐப்பசியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் கோடை எப்படி இருக்கும் என்பதில் பெரும்பகுதி, அதற்கு ஆறு மாதம் முன்னால் பெய்த மழையிலோ பெய்யாமல் போன மழையிலோ முடிவாகிவிடுகிறது. வறட்சி, காட்டுத்தீ, வெயில் மூன்றையும் தனித்தனிச் செய்தியாகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். மூன்றும் ஒரே சங்கிலி.

இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. நமக்கு அப்படி இல்லை. ஆடி மாதம் இங்கே நின்று மேற்கே பாருங்கள். முகட்டில் மேகம் அடைத்து நிற்கும், மழை மூணாறு பக்கம் கொட்டும், நமக்கு வந்து சேருவது காற்றுதான். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கிடைக்கிறது. அதுவும் வங்கக் கடலில் உருவாகும் சில தாழ்வு மண்டலங்களை நம்பித்தான். அவை ஆந்திரக் கரை பக்கம் திரும்பிவிட்டால் அந்த வருடத்துக் கணக்கு அதோடு சரி.

2016-இல் மழை பொய்த்தது. வடகிழக்குப் பருவமழை 44 செ.மீ. பெய்ய வேண்டிய இடத்தில் 17 செ.மீ. கூட வரவில்லை. 62 சதவீதம் குறைவு. காவிரியிலும் தண்ணீர் இல்லை. கருகிய பயிரைப் பார்த்து வயலிலேயே சரிந்து விழுந்த டெல்டா விவசாயிகளைப் பற்றிய செய்தி அந்த மார்கழி முழுக்க வந்துகொண்டே இருந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அப்புறம் 2018-இலும் மழை நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அடுத்த கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்த ரயிலைப் படம் எடுத்த எல்லாரும் முந்தைய கார்த்திகையில் வானத்தைப் பார்த்திருந்தால் அது வரப்போவது தெரிந்திருக்கும்.

காய்ந்த மண் வெயிலையும் கூட்டும். நிலத்தில் ஈரம் இருந்தால் சூரிய வெப்பத்தில் ஒரு பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்குவதில் செலவாகிவிடும். ஈரம் இல்லாத நிலத்தில் அந்தப் பங்கும் சேர்ந்து காற்றைச் சூடாக்கும். ஏரியைத் தூர் வாருவது பாசனத்துக்கு மட்டுமான வேலை இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, தீக்கு வருவோம். இந்த ஊரில் அதை நான் கவனமாகப் பேச வேண்டும். 2018 மார்ச் 11 குரங்கணியில் என்ன நடந்தது என்பதை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மலையேற வந்த இளம்பிள்ளைகள், 20-க்கும் மேற்பட்டோர், அந்த மலைச்சரிவில் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். ஒருவரைக் குறை சொல்லிவிட்டு நகர நான் விரும்பவில்லை. அந்த மலையில் தீ எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்த முறை சில உயிர்களாவது மிஞ்சும்.

தீப்பிடிக்க வறட்சி வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. நல்ல மழை பெய்த வருடத்தில் புல் ஆளுயரம் வளரும். தை, மாசி இரண்டு மாதம் மழை இல்லையென்றால் அவ்வளவும் விறகு. குரங்கணிச் சரிவில் நிற்கும் போதைப்புல்லைக் கசக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் எண்ணெய் வாசம் வரும். காய்ந்தால் குப்பென்று பிடிக்கும். தீ மேல்நோக்கிப் போகும்போது அதன் அனல் முன்னால் இருக்கும் புல்லைக் காய்ச்சிக்கொண்டே போகும். அதனால் மனிதன் மேட்டில் ஓடும் வேகத்தைத் தீ எளிதாகத் தாண்டிவிடும். மேலே ஓடாதீர்கள், ஏற்கெனவே எரிந்து முடிந்த இடத்துக்கோ வெறும் பாறைக்கோ போங்கள் என்று வனக்காவலர்கள் சொல்வது அதனால்தான்.

நீலகிரியில் கதை கொஞ்சம் வேறு. அங்கே மார்கழி, தை உறைபனியில் புல் கருகிவிடும். வெயில் வருவதற்கு முன்பே பனி பாதி வேலையை முடித்துவைத்திருக்கும். முதுமலைப் பக்கம் உண்ணிச்செடி புதராக மண்டி, தரையில் ஓடும் தீயை ஏணி வைத்ததுபோல மரத்தின் உச்சிக்கு ஏற்றிவிடுகிறது.

தீத்தடுப்புக் கோடு, அதாவது தீ தாண்டிப் போகாதபடி புல்லை அகற்றிய பட்டை, போடும் வேலையை ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். பெரும்பாலும் மலைக்கிராமத்து ஆட்கள், அந்தப் பருவத்துக்கு மட்டும் கூலிக்கு எடுக்கப்பட்டவர்கள். அரிவாளால் புல்லை அறுத்துத் தள்ளுவார்கள். பிறகு காலைப் பனி முழுதாக உலராத நேரமாகப் பார்த்து, கையில் பச்சைத் தழைக்கொத்தோடு இரு பக்கமும் நின்றுகொண்டு, நடுவில் அறுத்துப் போட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிப்பார்கள். வெயில் ஏறினால் நிறுத்திவிட வேண்டும். காற்று திரும்பினாலும் நிறுத்திவிட வேண்டும். மலையையே காக்கிற வேலை அது. ஆனால் அதற்குப் பணம் தாமதமாக வந்தால், கோடு போட்டு முடிப்பதற்குள் பங்குனி வந்துவிடும்.

இனி வெயில். என் மனதை அதிகம் அரிப்பது இதுதான். தீ கண்ணுக்குத் தெரியும், காலிக் குடம் கண்ணுக்குத் தெரியும், வெயிலில் செத்தவர் தெரிவதில்லை. சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதப்பட்டு முடிந்துபோகிறது.

சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரலில்: கன்னியாகுமரியில் இரண்டாவது வாரம், சென்னையில் கடைசி வாரம். ஆனால் நிலம் சேர்த்துவைத்த சூடு வெளியே வர நாளாகும். மே மாதத்தில் மேற்குக் காற்றும் வலுக்கத் தொடங்கும். அது மலை இறங்கி வறண்டு வந்து, கரையோரத்தில் கடற்காற்றை உள்ளே விடாமல் பிடித்துவைக்கும். நண்பகலில் வர வேண்டிய கடற்காற்று மூன்று மணிக்கு வந்தால் சென்னை 40 டிகிரியைத் தாண்டிவிடும். 2003 மே 31 அன்று அங்கே 45 டிகிரி பதிவானது. மே 4 முதல் 28 வரை என்று அக்னி நட்சத்திரத்தைக் கணித்துவைத்த பெரியவர்களின் கணக்கு பெரிதாகத் தப்பவில்லை. இப்போது வெயில்தான் அதற்குள் அடங்க மறுக்கிறது.

வானிலைத் துறையின் அளவுகோலில் ஒரு சிக்கல் இருக்கிறது. சமவெளியில் 40 டிகிரியைத் தொட வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடவும் வேண்டும், இல்லையென்றால் 45 டிகிரியையே தொட வேண்டும், அப்போதுதான் வெப்ப அலை. ஈரோட்டுக்கும் கரூருக்கும் வழக்கமே 38, 39. அங்கே 41 டிகிரியில் தார் ஊற்றுகிறவருக்கு அது வெப்ப அலை இல்லையாம். கரையில் 37 டிகிரியிலேயே, காற்றில் ஈரம் அதிகமென்பதால் வியர்வை உலராது. உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வழியின்றித் தவிக்கும்.

தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களை நினைத்துப் பாருங்கள். மேலே வெயில், கீழே உப்பும் நீரும் திருப்பி அடிக்கிற வெளிச்சம். விடிவதற்கு முன்பே வந்து உப்பு வாரும் பெண்களில் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். காரணம், ஒதுங்க இடம் இல்லை. அவர்கள் உடம்பைக் கெடுப்பது வெயில் மட்டுமில்லை, கட்டித் தராத கழிப்பறையும்தான். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டில் சுமார் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து இரண்டு மடங்கு. இதைப் படித்த பிறகும், கோடை என்றால் வெயில் அடிக்கத்தானே செய்யும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல முடிவு. ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று மருத்துவர் எழுத வேண்டுமே. அதனால் வெயிலில் யாராவது மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ்காரரிடமும் மருத்துவமனையிலும் எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதைச் சொல்லி எழுதவையுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15 மூன்று நாளும் கிராம சபை கூடுகிறது. ஜனவரியில் தீக்கோடு போட ஆளும் பணமும் வந்ததா என்று கேளுங்கள். மே 1 கூட்டம் அக்னி நட்சத்திரத்துக்கு மூன்று நாள் முன்னால் வருகிறது. ஊர் வேலைத்தளங்களில் வேலையை விடியற்காலைக்கு மாற்றவும், நிழற்பந்தலும் குடிநீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் வைக்கவும் அன்றைக்குத் தீர்மானம் போடுங்கள். ஆகஸ்டில் கண்மாயின் வரத்துக்கால் அடைப்பு எடுத்தாயிற்றா, மதகு ஏறி இறங்குகிறதா என்று கேளுங்கள். ஐப்பசிக்கு அப்போது இரண்டு மாதம் இருக்கும், வேலை முடிக்கப் போதும். வாயால் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு, வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.