ஓனிக்குப் பாய் விரித்தவர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'செட்சுபுன் இரவில் ஓனி என்னும் அரக்கனை விரட்டுவதே முறையா, வரவேற்பதே முறையா?' என்பது தலைப்பு. வரவேற்பதே முறை என்பது எங்கள் அணி.

வசந்தம் பிறப்பதற்கு முந்தைய நாளான செட்சுபுனில், பெரும்பாலும் பிப்ரவரி 3 அன்று, ஜப்பானிய வீடுகளில் வறுத்த சோயாவை வாரி இறைத்து, "ஓனி வெளியே, நல்வாழ்வு உள்ளே" என்று கூவுவதை எதிரணித் தலைவர் அழகாக விவரித்தார். அத்தோடு அமர்ந்திருக்கலாம். "அரக்கனுக்கு இரங்குபவர்கள் நாளை திருடனுக்கும் பாய் விரிப்பார்கள்" என்று எங்களை ஒரு குத்துக் குத்தினார், நீங்களும் கைதட்டினீர்கள்.

ஐயா, நீங்கள் கேலியாகச் சொன்ன பாயை அங்கே உண்மையாகவே விரிக்கிறார்கள். நாரா மாகாணத்துத் தென்காவா கோயிலில், செட்சுபுனுக்கு முந்தைய இரவில், 'ஓனி விடுதி' என்றொரு சடங்கு உண்டு. ஓனிக்குப் படுக்கை விரித்து, பக்கத்தில் ஒரு தொட்டியில் தண்ணீரும் வைக்கிறார்கள். தண்ணீர் எதற்கு? கால் கழுவ! மலையிலிருந்து நடந்து வருகிற விருந்தாளி அல்லவா? விடிந்ததும் தொட்டியை எட்டிப் பார்த்து, அடியில் மணல் படிந்திருந்தால் ஓனி வந்து தங்கியிருக்கிறது என்று மகிழ்கிறார்கள்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, மறுபடியும் சொல்கிறேன். வந்தவன் அரக்கன்; ஆனால் கால் கழுவிவிட்டுத்தான் படுக்கையில் ஏறுகிறான். எதிரணித் தலைவரே, எந்த ஊர்த் திருடன் ஐயா கால் கழுவிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தான்? திருடன் போன வீட்டில் ஏதாவது குறைந்திருக்கும். இங்கே ஒரு பிடி மணல் கூடியிருக்கிறது!

அதே நாராவில், யோஷினோ மலையின் கின்புசென்ஜி கோயிலில் "நல்வாழ்வு உள்ளே, ஓனியும் உள்ளே" என்றே முழங்குகிறார்கள். நாடெங்கும் விரட்டப்பட்ட ஓனிகள் வேறெங்கே போகும் என்பது அவர்கள் கேள்வி. 'என் நோ க்யோஜா' என்னும் அந்த மலைத் துறவி, மனிதக் குழந்தைகளைத் தின்றுவந்த சென்கி, கோகி என்னும் ஓனித் தம்பதியரின் பிள்ளையை ஒளித்து வைத்தார் என்பது கதை. பிள்ளையைத் தேடி அலைந்த பிறகுதான் ஊர்த் தாய்மாரின் அழுகை அவர்களுக்குப் புரிந்தது. பின்னர் அவருக்கே பணியாளர் ஆனார்கள். சோயாவை எறிந்திருந்தால் இது நடந்திருக்குமா?

வாதம் இருக்கட்டும். யோகோஹாமாவில் நான் குடியிருந்தபோது கண்டதைச் சொல்கிறேன். பல வீடுகளில் ஓனி யார் தெரியுமா? காகித முகமூடி மாட்டிய அப்பா. அடுத்த வீட்டுக்காரர் அலுவலகத்திலிருந்து வந்து, கழுத்துப்பட்டையைக்கூடக் கழற்றாமல் சிவப்பு முகமூடியை மாட்டிக்கொண்டு உறுமினார். இரண்டு பிள்ளைகளும் சோயாவால் அடித்து அவரை வாசலுக்குத் துரத்தி, போன ஓனி திரும்பாதபடி கதவையும் சாத்திவிட்டார்கள். பிப்ரவரிக் குளிரில், மேலங்கிகூட இல்லாமல், முகமூடியோடு அவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே சிரிப்புச் சத்தம்.

செட்சுபுனில் அவரவர் வயதுக்கு எத்தனையோ அத்தனை சோயாவை எண்ணித் தின்பது வழக்கம். சிறிது நேரத்தில் கதவு ஒரு சாண் திறந்தது. சின்னவள் தன் பங்கைத் தின்று முடித்துவிட்டு, அவருடைய பங்கை எண்ணிக் கொண்டுவந்திருந்தாள். முகமூடியைக் கழற்றச் சொல்லவில்லை. அந்தச் சிவப்பு முகத்தைப் பார்த்தபடியே, "உள்ளே வாங்க" என்றாள்.