தேர் வடமும் தலைக்கவசமும்

(வேலூரில் மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த அவையில் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

என் கையில் இருப்பது இலவம்பாடி முள் கத்தரிக்காய். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்க் காய். இதன் எடை நூறு கிராம் பக்கம் வருமாறு பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்தேன். உள்ளங்கையில் வைத்தால் இது எவ்வளவு அழுத்துகிறதோ, ஏறத்தாழ அவ்வளவுதான் 1 நியூட்டன். விசையின் அலகு நியூட்டன் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு, 'அது எவ்வளவு?' என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகளை முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவிட்டேன். இன்று யாரும் விழிக்க வேண்டாம். ஒரு கத்தரிக்காய், ஒரு நியூட்டன்.

காய் என் கையில் அசையாமல் இருக்கிறது. அப்படியானால் அதன் மேல் விசையே இல்லையா? இரண்டு விசைகள் இருக்கின்றன. பூமி கீழே இழுக்கிறது. என் கை மேலே தாங்குகிறது. இரண்டும் சமமாக இருப்பதால் காய் இருந்த இடத்தில் இருக்கிறது. கையை எடுத்துவிட்டால் பூமியின் இழுப்பு மட்டும் மிஞ்சும். காய் தரைக்குப் போய்விடும்.

நான் அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். எங்கள் ஊர்த் தேர்தான் எனக்கு முதல் இயற்பியல் பாடம். நிலையில் நிற்கும் தேரை நகர்த்துவது எவ்வளவு கடினம் என்று வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும். ஊரே சேர்ந்து இழுத்தாலும் அசையாது. பின்னால் சன்னைக் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து நெம்புவார்கள். ஒரு முறை உருண்டுவிட்டால் போதும், பிறகு பாதிப் பேர் இழுத்தாலே ஓடிவரும். நிற்கும் பொருளைப் பிடித்து வைக்கும் உராய்வு பெரியது. உருளத் தொடங்கிய பின் எதிர்க்கும் உராய்வு சிறியது. ஓடும் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் முட்டுக்கட்டை போடுகிறார்களே, அந்த ஆட்களின் திறமையை நான் இன்றும் வியக்கிறேன். சக்கரத்தின் எந்தப் பக்கம், எந்த நொடி என்று பிசகாமல் கட்டை விழ வேண்டும்.

பதின்மூன்று வயதில் என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்வியும் இந்தத் தேரில்தான் பிறந்தது. நாம் தேரை எவ்வளவு இழுக்கிறோமோ, தேரும் நம்மை அவ்வளவே திருப்பி இழுக்கிறது என்கிறது நியூட்டனின் மூன்றாம் விதி. இரண்டும் சமம் என்றால் தேர் எப்படி நகரும்? என் ஆசிரியர் பதில் சொல்லவில்லை. 'மழை பெய்து தெரு வழுக்கினால் என்ன செய்வார்கள்?' என்று மட்டும் கேட்டார். மணல் தூவுவார்கள் என்றேன். 'தேருக்கா தூவுகிறார்கள், இழுப்பவன் காலுக்கா?' என்றார். அப்போது விளங்கியது. நம் இழுப்பு தேரின் மேல் விழுகிறது; தேரின் இழுப்பு நம் மேல் விழுகிறது. இரண்டும் வேறு வேறு பொருள்கள் மேல் இருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதில்லை. தேர் நகருமா என்பதற்குத் தேரின் மேல் விழும் விசைகளை மட்டும் கணக்கிட வேண்டும். நாம் முன்னேறுவதோ, காலால் பூமியைப் பின்னே தள்ளும்போது பூமி நம்மை முன்னே தள்ளுவதால்தான். வழுக்கும் தெருவில் பூமி நம்மைத் தள்ள முடியாது. அதற்குத்தான் மணல்.

மாடு பூட்டிக் கிணற்று நீரை மேலே இழுக்கும் கவலை இறைப்பைப் பார்த்த பெரியவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். கிணற்று மேட்டிலிருந்து மாடுகள் சரிவில் இறங்கும்போதுதான் நீர் நிறைந்த சால், அதாவது இறைக்கும் பாத்திரம், மேலே வரும். காலிச் சால் உள்ளே போகும்போது மாடுகள் பின்னோக்கி ஏறும். ஆறு அடி நடந்தால் ஓர் அடி இறங்கும் சரிவு என்று வையுங்கள். இரண்டு மாடுகளும் சேர்ந்து 800 கிலோ என்றால், அந்த எடையில் ஆறில் ஒரு பங்கு, 130 கிலோவுக்குச் சற்று மேல், வடத்தை இழுக்கத் தானாகவே கிடைத்துவிடும். ஓட்டுபவர் வடத்தின் மேல் ஏறி உட்காருவது சுகத்துக்காக அல்ல. அவர் எடையும் இழுப்பில் சேரட்டும் என்றுதான். எங்கள் பாட்டனார் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். ஆனால் இந்தச் சரிவை அவர் வெட்டிய அளவு பிசகியதில்லை.

தேரை இழுப்பதை நிறுத்தினால் தேர் நின்றுவிடுகிறது. இதைப் பார்த்துத்தான் அரிஸ்டாட்டில், விசை இருக்கும் வரை இயக்கம், விசை நின்றால் இயக்கமும் நிற்கும் என்று நினைத்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அந்தக் கருத்து செல்வாக்கோடு இருந்தது. கலீலியோ சரிவுகளில் பந்து உருட்டிப் பார்த்து, தடுப்பது எதுவும் இல்லையென்றால் உருளும் பந்து உருண்டுகொண்டே இருக்கும் என்று கண்டார். 1687இல் நியூட்டன் அதை விதியாக்கினார். பொருள் தன் வேகத்தையும் திசையையும் தானாக விட்டுக்கொடுப்பதில்லை. அவற்றை மாற்றுவதுதான் விசை. தேர் நின்றது நாம் இழுக்காததால் அல்ல, உராய்வு அதைப் பிடித்து நிறுத்தியதால். நம் ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தில் 1988இல் கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்திருக்கிறார்கள். அதைப் பின்னாலிருந்து யாரும் தள்ளவில்லை. சூரியனின் ஈர்ப்பு அதன் பாதையை வளைக்கிறது. வேகம் அதற்கே சொந்தம்.

ஏலகிரிக்குப் பஸ்ஸில் போனவர்கள் கையைத் தூக்குங்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் யாரோ நம்மை வெளிப்பக்கம் தள்ளுவது போல் இருக்கும். யாரும் தள்ளவில்லை. உங்கள் உடல் நேராகப் போகப் பார்க்கிறது, பஸ் திரும்பிவிடுகிறது. அவ்வளவுதான்.

இனி, நான் இன்று இங்கே வந்ததற்கான காரணத்தைச் சொல்கிறேன். நியூட்டனின் இரண்டாம் விதியை, அதாவது வேகத்தை மாற்ற எவ்வளவு விசை வேண்டும் என்று சொல்லும் விதியை, பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய என் மாணவன் ஒருவன், நம் ஊரை ஒட்டிப் போகும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இறந்தான். தலைக்கவசம் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. விதியைச் சொல்லிக் கொடுத்தேனே தவிர, அது அவன் தலையைப் பற்றியது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டியில் பிரேக் பிடித்தால், காய்ந்த நல்ல தார்ச் சாலையில் ஏறத்தாழ 9 மீட்டரில் நிற்கும். 80இல் போனால்? 18 என்று நினைக்கத் தோன்றும். இல்லை, 36 மீட்டர். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. அதோடு, மூளை ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு நொடி போய்விட்டால், அந்த ஒரு நொடியில் வண்டி 22 மீட்டர் ஓடியிருக்கும். மழையில் இன்னும் மோசம்.

விழும்போது தலைக்கு இருக்கும் வேகம் தரையில் பட்டதும் பூச்சியமாக வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. வெறும் தலை கல்லில் மோதினால் சில மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். தலைக்கவசத்துக்குள் வெள்ளையாகத் தெர்மாகோல் இருக்கிறதே, அது நசுங்கி அந்தத் தூரத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டராக நீட்டுகிறது. தூரம் ஐந்து மடங்கு நீண்டால் சராசரி விசை ஐந்தில் ஒன்றாகிவிடும். அந்தத் தெர்மாகோல் நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. ஆகவே ஒரு முறை அடிபட்ட கவசத்தை மறுபடி அணியாதீர்கள். வாரைப் பூட்டாமல் தலையில் வெறுமனே வைத்திருந்தால், தலை தரைக்கு வருமுன் கவசம் கழன்று ஓடிவிடும்.

பேச்சுக்கு முன்பு ஒரு தாய் என்னிடம் கேட்டார்: 'காரில் குழந்தையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன், போதாதா ஐயா?' அம்மா, கணக்கைச் சேர்ந்து போடுவோம். குழந்தை 10 கிலோ. கார் மணிக்கு 50 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். மோதிய கார் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றுவிடுகிறது. குழந்தையும் அதே நேரத்தில் நிற்க வேண்டுமென்றால், இரண்டாம் விதிப்படி நிறையை வேக மாற்றத்தால் பெருக்கி நேரத்தால் வகுக்க வேண்டும்; அதாவது பத்தைப் பதினான்கால் பெருக்கி 0.1ஆல் வகுக்க வேண்டும். 1,400 நியூட்டன். ஆயிரத்து நானூறு கத்தரிக்காய். 140 கிலோ மூட்டை. அதையும் எதிர்பாராத நொடியில், இரண்டு கைகளால் பிடிக்க வேண்டும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடிக்காது. அது அன்புக் குறைவு அல்ல. குழந்தைக்கான இருக்கையும் அதன் வாரும் பிடிக்கும்.

மேசையில் ஒரு வில் தராசு வைத்திருக்கிறேன். ஒரு முனையைச் சுவரில் கட்டியாயிற்று. அம்மா, முதலில் நீங்கள் வாருங்கள். கொக்கியைப் பிடித்து உங்கள் பலம் கொண்ட மட்டும் இழுங்கள். முள் எத்தனை நியூட்டனில் நிற்கிறது என்று பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும்.