ஜூனியர் கோப்பையை எப்படிப் படிப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

2023 ஜூலையில் விம்பிள்டன் டென்னிஸின் ஜூனியர் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தைப் பிரிட்டனின் ஹென்றி சேர்ல் என்ற 17 வயது இடதுகை ஆட்டக்காரர் வென்றார். அவருக்கு முன்னால் அதை வென்ற பிரிட்டன் பையன், 1962இல் ஸ்டான்லி மேத்யூஸ். அதே பெயர் கொண்ட புகழ்பெற்ற கால்பந்து வீரரின் மகன். இடையில் 61 ஆண்டுகள்! அடுத்த ஆண்டே அமெரிக்க ஓபன் ஜூனியர் மகளிர் பட்டம் 15 வயது மிகா ஸ்டோய்சவ்லியெவிச்சுக்குக் கிடைத்தது. 2025இல் பிரெஞ்சு ஓபன் ஜூனியர் இறுதி ஆட்டம் வரை ஹன்னா க்ளக்மன் போனார். பிரிட்டனில் ஒரு புதிய தலைமுறை வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். வந்திருக்கிறது. ஆனால் அதைக் கோப்பையை வைத்து மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம்.

2011 அமெரிக்க ஓபன் ஜூனியர் இறுதியில் ஆலிவர் கோல்டிங் என்ற பிரிட்டன் பையன், செக் நாட்டின் யிரி வெசலியைத் தோற்கடித்தார். மூன்றே ஆண்டுகளில் கோல்டிங் ஓய்வை அறிவித்துவிட்டார். தோற்ற வெசலியோ பின்னாளில் ஜோகோவிச்சையே இரண்டு முறை வென்றார். 2018 விம்பிள்டனைப் பாருங்கள். ஜூனியர் ஆண்கள் இறுதியில் ஜாக் டிரேப்பர் தோற்றார். மகளிர் காலிறுதியில் எம்மா ரடுகானு தோற்றார். தோற்கடித்தவர் இகா ஸ்வியான்டெக். மூன்று ஆண்டு கழித்து ரடுகானு தகுதிச்சுற்றிலிருந்து வந்து அமெரிக்க ஓபனையே வென்றார். டிரேப்பர் 2025இல் இந்தியன் வெல்ஸ் பட்டம் வென்று உலகின் முதல் ஐந்து பேருக்குள் நுழைந்தார். கோப்பை பலித்ததும் உண்டு: 2004இல் அமெரிக்க ஓபன் ஜூனியர் பட்டத்தை வென்றவர் ஆண்டி மர்ரி. நம் ராமநாதன் கிருஷ்ணனும் 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்று, 1960லும் 61லும் பெரியவர்களுக்கான அரையிறுதி வரை போனவர்தான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் வயது. அதிலும் பிறந்த தேதி. ஜூனியர் போட்டிகளில் ஒருவருக்கு 18 நிரம்பும் ஆண்டின் டிசம்பர் வரை ஆட அனுமதி உண்டு. ஸ்டோய்சவ்லியெவிச் 2008 டிசம்பரில் பிறந்தவர். க்ளக்மன் 2009 பிப்ரவரியில் பிறந்தவர். இரண்டு மாத வித்தியாசம்தான். ஆனால் முதலாமவருக்கு 2026 முடிவோடு கதவு மூடிவிடும். இரண்டாமவருக்கு 2027 முடியும் வரை திறந்திருக்கும். டிசம்பர் குழந்தைகள் தங்கள் வயதுப் பிரிவில் எப்போதும் கடைக்குட்டிகள். அப்படி ஒருவர் 15 வயதில் தன்னைவிடப் பெரிய பெண்களை வீழ்த்தி ஜூனியர் கிராண்ட் ஸ்லாம் வென்றால், அதன் எடை 18 வயதுக்காரரின் பட்டத்தைவிடக் கூடுதல்.

இரண்டாவது, தரை. பிரிட்டனில் பிள்ளைகள் பெரும்பாலும் உள்ளரங்கக் கடினத்தரையில் வளர்கிறார்கள். மழையும் குளிரும் வேறு வழி விடுவதில்லை. அங்கே பந்து ஒரே சீராக எழும்பும், காற்று கிடையாது. புல்தரைப் பருவமோ சில வாரங்கள்தான். புல்லில் பந்து தாழ்ந்து சறுக்கும். இடதுகைக்காரர் இடப்பக்கக் கட்டத்தில் பக்கவாட்டில் சுழலும் ஸ்லைஸ் செர்வ் போட்டால், அது வலதுகை எதிராளியின் பேக்ஹேண்டிலிருந்து விலகி ஓடிவிடும். அடுத்த பந்தைத் திறந்த கோர்ட்டில் அடித்தால் புள்ளி முடிந்தது. அதே செர்வ் களிமண் தரையில் நின்று எழும்பும்; எதிராளி எல்லைக்கோட்டிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் பின்னால் நின்று திருப்பி அடிப்பார். அப்போது பத்துப் பன்னிரண்டு அடிகளில் புள்ளியைக் கட்டி எழுப்பத் தெரியவேண்டும். மர்ரி 15 வயதில் பார்சிலோனாவுக்குப் போய்ப் பயிற்சி எடுத்ததும் களிமண் தரையில்தான். க்ளக்மன் 14 வயதில் புளோரிடாவில் வென்ற ஆரஞ்ச் பௌல் என்ற ஜூனியர் போட்டியும் களிமண் தரையில் நடப்பதுதான். அவர் பிரெஞ்சு ஓபனில் இறுதி வரை போனதும் அதே வகைத் தரையில். என் கணக்கில் அது பல புல்தரைப் பட்டங்களுக்குச் சமம்.

ஜூனியர் தரவரிசையை வாசிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். போட்டிகள் ஜே30, ஜே60 என்று தொடங்கி ஜே500 வரை போகின்றன. அந்த எண்தான் ஒற்றையர் பட்டம் வென்றவருக்குக் கிடைக்கும் புள்ளி. ஜூனியர் கிராண்ட் ஸ்லாமுக்கு 1000. ஓராண்டில் சிறந்த ஆறு ஒற்றையர் முடிவுகள், அதோடு சிறந்த ஆறு இரட்டையர் முடிவுகளின் கால்பங்கு, இவ்வளவுதான் கணக்கில் சேரும். ஆறு ஜே30 பட்டம் வென்றாலும் 180 புள்ளிதான். பெற்றோர் பலர் தவறுவது இந்த இடத்தில். புள்ளி தேடி வாராவாரம் தொலைதூர ஜே30 போட்டிகளுக்கு ஓடி, ஏழாவது எட்டாவது பட்டம் கணக்கிலேயே சேராமல் போய், பயிற்சிக்கான வாரங்களையும் பயணத்திலேயே தின்றுவிடுகிறார்கள்.

பெரியவர்களின் களத்தில் ஆண்களுக்கான கடைசிப் படி எம்15 என்ற போட்டிகள். மொத்தப் பரிசு 15,000 டாலர். ஐந்து ஆட்டங்களில் வென்று பட்டம் எடுத்தால் 15 தரவரிசைப் புள்ளி. இதனோடு விம்பிள்டன் வைல்டு கார்டை, அதாவது தரவரிசை போதாதவருக்கும் அமைப்பாளர்கள் நேரடியாகத் தரும் இடத்தை, ஒப்பிடுங்கள். முதல் சுற்றில் தோற்றாலே 10 புள்ளி. 2025இல் அதற்கான பரிசு 66,000 பவுண்டு. சேர்லுக்கு 2024இலும், ஸ்டோய்சவ்லியெவிச், க்ளக்மன், இன்னொரு பிரிட்டன் பெண்ணான மிமி ஷூ மூவருக்கும் 2025இலும் வைல்டு கார்டு கிடைத்தது. எல்லோரும் முதல் சுற்றில் வெளியேறினார்கள். பணம் உதவிதான், ஓராண்டுப் பயிற்சியாளர் செலவைத் தாங்கும். ஆனால் அந்தப் புள்ளி 52 வாரத்தில் கழிந்துவிடும். அதற்குள் சிறிய போட்டிகளில் வென்று ஈடுசெய்யாவிட்டால் தரவரிசை சரியும். பிரிட்டன் பிள்ளைகளுக்கு இருக்கும் வசதியும் இதுதான், வலையும் இதுதான்.

வேறு பாதையும் உண்டு. பிரிட்டனின் கேமரன் நோரி, ஜேக்கப் ஃபியர்ன்லி இருவரும் அமெரிக்காவின் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடியவர்கள். ஃபியர்ன்லி 2024இல் பட்டப்படிப்பு முடித்த கையோடு நாட்டிங்ஹாம் சேலஞ்சரை (எம்15க்கு மேலே உள்ள நடுத்தரப் போட்டி வகை) வென்று, விம்பிள்டன் இரண்டாவது சுற்றில் ஜோகோவிச்சிடமிருந்து ஒரு செட்டைப் பறித்தார். 18 வயதில் உடல் முழுதாகத் தேறாத பையன்களுக்கு இந்த வழி பெரும்பாலும் நல்லது. பெண்களுக்கு அத்தனை பொருந்தாது; அவர்களில் திறமைசாலிகள் 18, 19 வயதிலேயே பெரிய களத்துக்குத் தயாராகிவிடுகிறார்கள்.

இந்த ஆட்டங்களை நேரில் பார்க்கும் வாய்ப்புள்ளவர்கள் 30-30 என்ற நிலையில் போடும் இரண்டாவது செர்வைக் கவனியுங்கள். கை இறுகிப் பந்தை வெறுமே தள்ளுகிறாரா, சுழற்சி குறையாமல் முழுக்கை வீசி எதிராளியின் தோள் உயரத்துக்கு எழுப்புகிறாரா என்று பாருங்கள். முதல் செர்வின் வேகம் வயதோடு தானாகக் கூடும். இரண்டாவது செர்வ் அப்படிக் கூடாது. தள்ளும் பழக்கம் 17 வயதில் இருந்தால், சேலஞ்சர் தகுதிச்சுற்றில் 25 வயதுக்காரர் ஒருவர் இரண்டடி முன்னால் வந்து அதை விளாசிவிடுவார்.

நன்றி, வணக்கம்.