ரிமெம்பர் படுத்தும் பாடு

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில் பிளஸ் டூ பிள்ளைகள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், பின்னால் பெற்றோர். இலக்கணம் என்றதும் யாரும் எழுந்து போய்விட வேண்டாம். இன்றைக்கு ஒரே ஒரு வினைச்சொல்தான்: ரிமெம்பர்.

சின்ன வகுப்பிலேயே படித்த சொல்லாயிற்றே, இதில் பேச என்ன இருக்கிறது என்று தோன்றும். சரி, ஒரு வாக்கியம் சொல்கிறேன். 'ஐ ஆம் நாட் ரிமெம்பரிங் ஹிஸ் நேம்.' நம்மூரில் பலரும் இப்படித்தான் பேசுகிறோம். எதிரில் இருப்பவருக்கும் புரிகிறது. ஆனால் லண்டனில் பிறந்து வளர்ந்த ஒருவர் 'ஐ கான்ட் ரிமெம்பர்' என்றுதான் சொல்வார். லைக், பிலீவ் மாதிரி இதுவும் ஒரு நிலையைச் சொல்லும் வினை. 'ஆம்' போட்டு 'இங்' சேர்த்தால் பெரும்பாலும் ஒட்டாது.

நமக்கு மட்டும் ஏன் அந்த 'இங்' வாயில் வருகிறது? தமிழைக் கவனியுங்கள். 'பேர் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது' என்கிறோம். பெயர் எங்கேயோ கிளம்பிவிட்டது, வந்துகொண்டே இருக்கிறது, வாசலில் நின்று உள்ளே வர அடம்பிடிக்கிறது. அந்த இழுபறியைத்தான் ஆங்கிலத்தில் 'இங்' போட்டுக் காட்டப் பார்க்கிறோம். அதைவிட முக்கியம், தமிழில் ஞாபகம் பெரும்பாலும் நாம் செய்கிற வேலையே இல்லை. 'எனக்கு ஞாபகம் இருக்கிறது', 'எனக்கு ஞாபகம் வந்தது.' ஞாபகம்தான் எழுவாய். அது இருக்கும், வரும், போகும். நான் வெறும் 'எனக்கு', நான்காம் வேற்றுமையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆங்கிலக்காரர் 'ஐ ரிமெம்பர்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்.

ஆனால் அவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போலவே பேசியிருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய கான்டர்பரி கதைகளில் பாத் ஊர்க்காரி ஒருத்தி வருகிறாள். ஐந்து கல்யாணம் செய்தவள், வாய் கொஞ்சம் நீளம். தன் இளமையை நினைத்துப் பேசும்போது அவள் 'இட் ரிமெம்பரெத் மீ' என்கிறாள். 'ஐ' அங்கே இல்லை, 'மீ' தான் இருக்கிறது. 'எனக்கு ஞாபகம் வருகையில்' என்று நம் பாட்டிமார் பேச்சைத் தொடங்குவதைப் போலவே இருக்கிறது இல்லையா? பிற்காலத்தில் அந்த 'மீ' மறைந்து 'ஐ' நிலைத்துவிட்டது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் 'மீதிங்க்ஸ்' அந்தப் பழைய வழக்கத்தின் மிச்சம்: 'எனக்குத் தோன்றுகிறது.'

சொல்லின் பூர்வீகத்தை ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். லத்தீன் 'மெமோர்' பிரெஞ்சு வழியாக வந்தது. உறுப்பைக் குறிக்கும் 'மெம்பர்' வேறு வம்சம். 'சிதறிய உறுப்புகளை மீண்டும் சேர்ப்பதே ரிமெம்பர்' என்று மேடைகளில் சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், சரித்திரப்படி சரியில்லை.

இப்போது, பரீட்சையில் மார்க் போகிற இடத்துக்கு வருவோம். குடும்பத்தோடு திருச்சிக்குப் பஸ் ஏறியாயிற்று. தாம்பரம் தாண்டியதும் அம்மா கேட்கிறார், 'ஏங்க, கேஸை அணைச்சீங்களா?' அப்பா ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ஐ ரிமெம்பர்ட் டு டர்ன் இட் ஆஃப்' என்றால், 'மறக்காமல் அணைத்தேன்.' 'ஐ ரிமெம்பர் டர்னிங் இட் ஆஃப்' என்றால், 'அணைத்தது ஞாபகம் இருக்கிறது.' முதல் வாக்கியத்தில் ஞாபகம் முன்னால், வேலை பின்னால். இரண்டாவதில் வேலை முன்னால், ஞாபகம் பின்னால். முதல் பதிலில் கடமை முடிந்த நிம்மதி. இரண்டாவதில் ரெகுலேட்டரைத் திருகிய கையும் நீலச் சுடர் அடங்கியதும் கண்முன் ஓடுகின்றன. அது நேற்று ராத்திரி அணைத்ததாகவும் இருக்கலாம் என்பதால் அம்மா இன்னும் இரண்டு கேள்வி கேட்பார், கேட்கத்தான் வேண்டும்.

'டு' வரும் இடத்தில் தமிழ் 'மறக்காமல்' என்றோ 'ஞாபகமாக' என்றோ சொல்கிறது. 'ஞாபகமா மாத்திரை சாப்பிடு.' இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், சூத்திரம் மனப்பாடம் செய்ய வேண்டாம். 'மறக்காமல்' பொருந்தினால் 'டு'. 'செய்தது' பொருந்தினால் 'இங்.' ஃபர்கெட்டுக்கும் இதே பிரிவினைதான்.

அப்புறம், 'ரிமெம்பர் மீ டுமாரோ' என்று நண்பருக்கு வாட்ஸ்ஆப் அனுப்புகிறோம். நாளைக்கு ஞாபகப்படுத்து என்று நமக்கு நினைப்பு. அவருக்குப் போய்ச் சேர்வதோ 'நாளை என்னை நினைத்துக்கொள்.' ஏதோ சாகக் கிடக்கிறவர் சொல்லி அனுப்பியது போல இருக்கும். ஞாபகப்படுத்துவதற்கு ரிமைண்ட்தான். ஆனால் 'ரிமெம்பர் மீ டு யுவர் மதர்' என்பது சரியான ஆங்கிலம், கொஞ்சம் பழைய பாணி. 'அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்' என்று நாம் சொல்வது அப்படியே அதுதான்.

இதைவிடக் கனமான ஒன்று உண்டு. 'ஷி ரிமெம்பர்ட் ஹிம் இன் ஹெர் வில்' என்றால் உயிலில் அவனை நினைத்தாள் என்று மட்டும் பொருள் இல்லை. அவனுக்கு ஏதோ எழுதிவைத்திருக்கிறாள். நினைப்போடு கொடுப்பதும் சேர்ந்துவிட்டது. பைபிளை மொழிபெயர்த்த நம்மவர்களுக்கு இது நன்றாகப் பிடிபட்டிருந்தது. பெருவெள்ளத்தில் மிதந்த நோவாவைக் கடவுள் 'ரிமெம்பர்' செய்தார் என்று ஆங்கிலம் சொல்லும் இடத்தில் தமிழ் 'நினைத்தருளினார்' என்கிறது. அந்த 'அருளினார்' எனக்கு மிகவும் பிடித்த மொழிபெயர்ப்பு. அவர் நினைத்த பிறகுதான் தண்ணீர் வடிகிறது.

ஆனால் மனிதன் மனிதனுக்குக் கட்டளையாக இந்தச் சொல்லைச் சொன்னால் அருள் போய்விடுகிறது. 1836 மார்ச்சில் டெக்சஸில் அலமோ கோட்டையை மெக்சிகோ படை பிடித்து உள்ளே இருந்த வீரர்களைக் கொன்றது. ஏப்ரலில் சான் ஜசிண்டோ சண்டையில் டெக்சஸ்காரர்கள் 'ரிமெம்பர் தி அலமோ' என்று கத்திக்கொண்டே பாய்ந்தார்கள். அங்கே அதற்குப் பொருள் பழிவாங்கு. 1898இல், ஸ்பெயின் ஆண்டுகொண்டிருந்த கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் மெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்தபோதும் அதே கோஷம். பெயர்தான் மாறியது. கப்பல் ஏன் வெடித்தது என்பதில் இன்றுவரை சர்ச்சை, அதற்குள் ஸ்பெயினோடு யுத்தமே நடந்து முடிந்துவிட்டது.

1649 ஜனவரி 30 அன்று லண்டனில் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டினார்கள். மேடையில் பாதிரியார் ஜக்ஸனிடம் அவர் சொல்லிவிட்டுப் போன சொல் 'ரிமெம்பர்.' எதை என்று சொல்லவில்லை. செயப்படுபொருள் இல்லாமல் இந்த வினையை விட்டுவிட்டால் என்ன பாடு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரீகால், ரெகலெக்ட் பற்றிக் கேட்டு ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். இரண்டும் முயன்று ஞாபகத்துக்குக் கொண்டுவருவது. ரீகால் கொஞ்சம் ஆபீஸ் வாடை அடிக்கும். அமெரிக்க விசாரணைக் குழுக்கள் முன்னால் சிக்கிக்கொண்டவர்கள் 'ஐ டோன்ட் ரீகால்' என்றுதான் நழுவுவார்கள். கேஸை அணைக்க ரீகால் உதவாது, பின்னால் 'டு' போட்டு வேலை சொல்ல முடியாது. செய்யுளை மனப்பாடம் செய்வதற்கு மெமரைஸ். வேறு கேள்வி இருந்தால் கேட்கலாம், மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள்.