சுமந்ததே அதிகம்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஜெர்மனியில் பிறந்த தலைமுறை அனுபவித்தது அதிகமா, சுமந்தது அதிகமா? சுமந்ததே அதிகம் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி 1948 ஜூன் மாதத்தை எடுத்து வைத்தார். மேற்கு ஜெர்மனியில் புது நாணயம் வந்தது, தலைக்கு 40 மார்க் கொடுத்தார்கள், வெறிச்சோடிக் கிடந்த கடைகளில் விடிந்ததும் சரக்கு நிறைந்தது என்றார். உண்மை. 1955-ல் பத்து லட்சமாவது ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் ஆலையை விட்டு வெளியே வந்ததும் உண்மை. வயிறு நிறைந்ததை நான் மறுக்கவில்லை அம்மா. வீட்டுக்குள் என்ன நடந்தது?

1946-ல் பிறந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டு மேசை. எதிரே அப்பா. "சண்டை நடந்தப்போ நீங்க எங்கே இருந்தீங்கப்பா?" பதில் இல்லை. தட்டில் கரண்டி படும் சத்தம் மட்டும் கேட்கிறது. அம்மா பேச்சை மாற்றுகிறாள். எத்தனையோ வீடுகளில் இதுதான் நடந்தது.

அந்தப் பிள்ளைக்குப் பதினேழு வயது. ஆஷ்விட்ஸ் என்பது நாஜிகள் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற முகாம். அங்கே வேலை பார்த்தவர்கள் மீது 1963 டிசம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் வழக்கு தொடங்குகிறது. ஃபிரிட்ஸ் பவர் என்ற அரசு வழக்கறிஞர் விடாப்பிடியாக நின்று கொண்டுவந்த வழக்கு. கூண்டில் நின்றவர்களுக்கு என்ன, கொம்பா முளைத்திருந்தது? ஒருவர் மருந்துக்கடை வைத்திருந்தவர். இன்னொருவர் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட செவிலியர். நேற்றுவரை காய்ச்சலுக்கு மருந்து எடுத்துக் கொடுத்த கைதான், ஆஷ்விட்ஸில் ரயிலை விட்டு இறங்கியவர்களைப் பிரித்து விஷவாயுவுக்கு அனுப்பிய கை! அன்று இரவு அந்தப் பிள்ளை தன் அப்பாவின் கையைப் பார்த்திருக்காதா?

அப்பன் வாங்கிய கடன் என்றால் வட்டியைக் கட்டிப் பத்திரத்தை மீட்டுவிடலாம். இதை எதைக் கொடுத்து அடைப்பது?

நாடு கிழக்கு, மேற்கு என்று இரண்டானது வேறு. 1961 ஆகஸ்ட் 13 காலையில் பெர்லின் கண் விழித்தபோது நகரின் குறுக்கே முள்வேலி. அது சுவராகி 28 ஆண்டுகள் நின்றது. போரை மூட்டியவர்கள் போய்விட்டார்கள். சுவரைப் பார்த்து வளர்ந்தது இந்தப் பிள்ளைகள்.

"மறந்துவிட்டு முன்னேறினார்கள்" என்றார் தோழி. மறக்க மண் விட்டதா? வழக்கு நடந்த அதே ஃபிராங்க்ஃபர்ட்டில், 2017-ல், பல்கலைக்கழக வளாகத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது வெடிக்காத பிரிட்டிஷ் குண்டு ஒன்று கிடைத்தது. செப்டம்பர் 3 அன்று 60,000-க்கும் மேற்பட்டவர்களை வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். இரண்டு மருத்துவமனைகளைக் காலி செய்தார்கள். குறைமாதத்தில் பிறந்த சிசுக்களையும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். போர் முடிந்து அப்போது 72 ஆண்டுகள்.

அந்தச் சிசுக்களும் என் அணியின் கணக்கில்தான் சேருவார்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.